வழுக்கி விழுந்தவரின் பிழையா? வேலைத்தளப் பாதுகாப்புப் படிப்பின் கதை

எங்கட வயசுக்காரர் இப்ப அதிகம் விசாரிக்கிற படிப்புகளில் ஒன்று 'சேஃப்டி'. ஏ.எல் முடித்த கையோடு நெபோஷ் சான்றிதழ் எடுத்துக்கொண்டு கட்டாருக்கோ டுபாய்க்கோ சேஃப்டி ஒஃபிசராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டம் முடித்தவர்கள் அதற்கு மேல் ஒரு முதுமாணி செய்து பாதுகாப்பு முகாமையாளர் ஆகப் பார்க்கிறார்கள். வேலை கிடைக்கும், சம்பளமும் பரவாயில்லை, பிறகென்ன எண்டு கேட்டால் நியாயம்தான். இந்தப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. எங்கட கேள்வி வேறு. ஒரு தொழிலாளி வேலைத்தளத்தில் செத்தால் அது யாருடைய பிழை என்று இந்தப் படிப்பு சொல்லித் தருகிறது? அந்தப் பதில் எங்கே இருந்து வந்தது?

இதற்கு நூறு வருசத்துக்கு மேல் பின்னால் போகவேண்டும், அதுவும் அமெரிக்காவுக்கு. இன்று பாதுகாப்பு வகுப்புகளில் ஓடுகிற கோட்பாடுகளில் முக்கியமான சில அங்கேதான் பிறந்தன.

ஒரு மாவட்டம், ஒரு வருசம், 526 சாவு

1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு தொழிலாளி இயந்திரத்தில் அகப்பட்டுச் செத்தால், குடும்பம் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் முதலாளியின் கையில் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, செத்தவர் தானே கவனமில்லாமல் இருந்தார். இரண்டு, கூட வேலை செய்தவர்தான் பிழை விட்டார். மூன்று, ஆபத்தான வேலை எண்டு தெரிந்துதானே வந்தார். இந்த மூன்றில் ஒன்றை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டாலே போதும், வழக்கு முடிந்தது.

கிறிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற இளம் பெண் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முதுமாணி முடித்து, பிறகு சட்டமும் படித்தவர். உருக்குத் தொழிலுக்குப் பேர்போன பிட்ஸ்பர்க் நகரம் இருக்கிற அலகெனி மாவட்டத்தில், 1906 யூலை முதல் 1907 யூன் வரை வேலையில் நடந்த ஒவ்வொரு சாவையும் அவரும் அவருடைய குழுவும் எடுத்து ஆராய்ந்தார்கள். மொத்தம் 526. எப்படிச் செத்தார், யார் சாட்சி, குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். 1910இல் அது புத்தகமாக வந்தது. விபத்து என்றால் தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஆலைக்காரர் சொல்லிவந்த கதை கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்பதும், சாவின் செலவைப் பெரும்பாலும் விதவைகளும் பிள்ளைகளுமே சுமந்தார்கள் என்பதும் அதில் வெளியே வந்தன.

ஈஸ்ட்மன் பிறகு நியூயோர்க் மாநிலத்தின் நட்டஈட்டுச் சட்ட ஆணைக்குழுவில் வேலை செய்தார். 1910இல் சட்டம் வந்தது. 1911 மார்ச் 24ஆம் திகதி அந்த மாநிலத்தின் மேல்நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

அடுத்த நாள், மார்ச் 25. நியூயோர்க் நகரில் ட்ரையாங்கிள் ஆடைத்தொழிற்சாலை எரிந்தது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் தொழிற்சாலை இருந்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்புப் படையின் ஏணி அந்த உயரத்துக்கு எட்டவில்லை. 146 பேர் செத்தார்கள். பெரும்பாலானோர் யூத, இத்தாலியக் குடியேறிய குடும்பங்களின் இளம்பெண்கள். அந்த வருட முடிவில் முதலாளிகள் இரண்டு பேரும் வழக்கில் இருந்து விடுதலையானார்கள்.

தெருவில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பேர்கின்ஸ். அவரும் கொலம்பியாவில் முதுமாணி முடித்தவர். அதன்பின் அமைந்த தொழிற்சாலை விசாரணைக் குழுவுக்காக வேலை செய்தார். சில வருடங்களுக்குள் நியூயோர்க்கில் முப்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் சட்டங்கள் வந்தன. 1933இல் பேர்கின்ஸ் அமெரிக்காவின் தொழிலமைச்சர் ஆனார். அந்த நாட்டின் அமைச்சரவையில் இருந்த முதல் பெண் அவர்தான். எரிந்த கட்டடம் இன்றும் நிற்கிறது. இப்ப அது நியூயோர்க் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம்.

அதே 1911இல், அதே நகரில், ஒக்டோபர் மாதம் இன்னொரு அமைப்பும் தொடங்கியது. அது காப்புறுதிக் கொம்பனிகளின் பரிசோதகர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம். பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்புப் பொறியியலாளர் சங்கமாக வளர்ந்தது அதுதான். அதாவது இந்தத் தொழிலுக்கு ஆரம்பத்திலேயே இரண்டு வேர்கள். ஒன்று, செத்தவரின் வீட்டுக்குப் போய்க் கேட்டவர்களுடையது. மற்றது, நட்டஈட்டுக் கோப்பைப் பார்த்தவர்களுடையது. இரண்டும் உயிரைக் காப்பாற்றின. ஆனால் இரண்டும் கேட்ட கேள்விகள் ஒன்றல்ல.

குளியல்தொட்டியும் ஈயமும்

முதல் வேரின் பெரிய பெயர் அலிஸ் ஹமில்டன். 1869இல் பிறந்த மருத்துவர். சிக்காகோவில் ஏழைக் குடியேறிகள் மத்தியில் இருந்த ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தில் வாழ்ந்தவர். 1910இல் இலினோய் மாநிலம் தொழில்நோய்களை ஆராயச் சொன்னபோது அவர் ஈயத்தை எடுத்தார். எந்த ஆலையில் ஈயம் பாவிக்கிறார்கள் என்ற பட்டியல்கூட அப்போது இல்லை. அவர் வைத்தியசாலைப் பதிவுகளைப் புரட்டினார், மருந்துக் கடைக்காரரையும் பாதிரிமாரையும் கேட்டார், தொழிலாளர்களின் வீடுகளுக்குப் போனார்.

வைத்தியசாலையில் ஈய நஞ்சோடு கிடந்த ஒரு போலந்துத் தொழிலாளி, குளியல்தொட்டிக்கு எனாமல் பூசுகிறவர். ஹமில்டன் அவருடைய கொம்பனிக்குப் போனார். காட்டிய இடத்தில் ஈயமே இல்லை. திரும்பி வந்து கேட்டபோதுதான், உண்மையான வேலை நடக்கிற இடத்துக்கு அவரைக் கூட்டிப்போகவே இல்லை என்பது தெரிந்தது. அங்கே பழுக்கக் காய்ச்சிய தொட்டியின் மேல் ஈயம் கலந்த தூளைத் தூவி, அந்தத் தூசியைச் சுவாசித்தபடி வேலை செய்துகொண்டிருந்தார்கள். பரிசோதகர் என்றால் காட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவரா, காட்டாத இடத்தைக் கேட்டுப் போகிறவரா? இந்தப் படிப்பின் முதல் பாடமாக வைக்கவேண்டிய கதை இது.

1919இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் அவரைத் தொழில் மருத்துவத்தில் உதவிப் பேராசிரியராக எடுத்தது. ஹார்வார்டின் முதல் பெண் ஆசிரியர். ஆனால் ஆசிரியர் கழகத்துக்குள் போகக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. வருடத்தில் பாதிதான் படிப்பிப்பேன், மிச்சப் பாதி ஆலைகளுக்குப் போகவேண்டும் என்று அவரும் ஒரு நிபந்தனை வைத்தார். 1935இல் ஓய்வுபெறும்போதும் அவர் உதவிப் பேராசிரியர்தான். ஒரு பதவி உயர்வுகூடக் கொடுக்கவில்லை.

88 வீதம் எண்ட கணக்கு

இரண்டாவது வேரின் பெரிய பெயர் ஹேர்பர்ட் ஹைன்ரிக். ட்ராவலர்ஸ் என்ற காப்புறுதிக் கொம்பனியில் பொறியியல், பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். 1931இல் தொழில் விபத்துத் தடுப்புப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சேஃப்டி படித்த யாரைக் கேட்டாலும் அந்த முக்கோணம் தெரிந்திருக்கும்: ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சின்னக் காயம், 300 காயமில்லாத விபத்து. அவருடைய மற்றக் கணக்கு இன்னும் ஆழமாக வேரூன்றியது. விபத்துகளில் 88 வீதம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால், 10 வீதம் பாதுகாப்பற்ற நிலைமையால், 2 வீதம் தவிர்க்க முடியாதவை.

அவர் பார்த்தது 75,000 சம்பவக் கோப்புகள். அந்தக் கோப்புகளில் காரணத்தை எழுதினது யார்? பெரும்பாலும் மேற்பார்வையாளரும் முகாமைத்துவமும். யார் பிழை என்று முகாமையைக் கேட்டு எழுதிய தாளில் இருந்து, பிழை தொழிலாளியினுடையது என்ற விஞ்ஞானம் பிறந்தது. அந்த மூலக் கோப்புகளை எடுத்துச் சரிபார்க்க இன்று வழியும் இல்லை.

ஹைன்ரிக்கிற்கு நியாயமும் சொல்லவேண்டும். இயந்திரத்துக்குக் காப்பு மூடி போடச் சொன்னவர் அவர். விபத்தின் மறைமுகச் செலவு நேரடிச் செலவைவிடப் பல மடங்கு என்று கணக்குக் காட்டி, காசுக்கு மட்டும் காது கொடுத்த முதலாளிகளைக் கேட்கவைத்தவரும் அவர்தான். ஆனால் ஈஸ்ட்மன் உடைத்த பழைய கதை, அவருடைய 88இல் இலக்கமாகத் திரும்பி வந்தது.

அவர் புத்தகம் வந்த அதே காலத்தில் மேற்கு வெர்ஜினியாவில் ஹோக்ஸ் நெஸ்ட் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். யூனியன் கார்பைட் கொம்பனிக்கு மின்சாரம் எடுக்க, மலையைக் குடைந்து ஆற்றுநீரைத் திருப்பும் வேலை. பாறை முழுக்கச் சிலிக்கா. தண்ணீர் பாய்ச்சித் துளைத்தால் தூசி அடங்கும், ஆனால் வேலை மெதுவாகும். அதனால் உலரத் துளைத்தார்கள். உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் தெற்கில் இருந்து வேலை தேடி வந்த கறுப்பினத்தவர்கள். செத்தவர் தொகை 764 அளவில் இருக்கும் என்று மார்ட்டின் சேர்னியாக் என்ற மருத்துவர் 1980களில் மதிப்பிட்டார். இந்த 764இல் எத்தனை பேர் 'பாதுகாப்பற்ற செயல்' செய்தார்கள்? மூச்சு விட்டதுதான் அவர்கள் செய்த செயல்.

போராட்டம் தந்த படிப்பு

1968 நவம்பரில் அதே மேற்கு வெர்ஜினியாவின் பார்மிங்டன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 78 பேர் செத்தார்கள். அடுத்த வருடத் தொடக்கத்தில், நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு நட்டஈடு கேட்டு அந்த மாநிலத்தில் சுமார் 40,000 சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1969இல் சுரங்கச் சட்டம் வந்தது. 1970 டிசம்பர் 29இல் நாடு முழுவதற்குமான தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் நிக்சன் ஒப்பமிட்டார். 101 வயது வரை வாழ்ந்த அலிஸ் ஹமில்டன் அதற்கு மூன்று மாதம் முன்புதான் காலமாகியிருந்தார்.

அந்தச் சட்டம் பரிசோதகர்களை மட்டும் உருவாக்கவில்லை. ஆட்களைப் பயிற்றுவிக்கவும் சொன்னது. சட்டத்தின்கீழ் உருவான தேசிய ஆய்வு நிறுவனம் 1977 முதல் பல்கலைக்கழகங்களில் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கொடுத்தது. பாதுகாப்பு, தொழிற்சூழல் சுகாதாரம், தொழில் மருத்துவம் ஆகியவற்றில் பட்டப்பின் படிப்புகள் அப்படித்தான் பரவின. பிரித்தானியாவிலும் 1974இல் புதிய சட்டம் வந்தது. எங்கட ஆக்கள் எழுதுகிற நெபோஷ் பரீட்சைச் சபை 1979இல் தொடங்கியது. ஆகவே இந்த முதுமாணிப் பட்டத்துக்கு அடித்தளம் போட்டவர்களில், கறுத்த நுரையீரலோடு தெருவுக்கு வந்த சுரங்கத் தொழிலாளர்களும் அடக்கம்.

படித்த ஆட்கள் இருந்தால் மட்டும் போதுமா? 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் நச்சுவாயு கசிந்தது. ஆலை யூனியன் கார்பைட்டின் இந்தியக் கொம்பனியுடையது. வாயுவைக் குளிரூட்டி வைக்கிற தொகுதி மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறுகிற வாயுவை எரிக்கவேண்டிய கோபுரம் வேலை செய்யவில்லை. அரசாங்கத்தின் ஒரு கணக்கின்படியே 3,787 பேர் செத்தார்கள். உண்மைத் தொகை அதைவிட மிக அதிகம் என்று போபால் மக்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஊழியர் வேண்டுமென்றே செய்த நாசவேலை என்றுதான் கொம்பனி வாதாடியது. 88 வீதக் கதை மாதிரியே இல்லையா?

இனி எங்கட பக்கம்

இலங்கையில் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலும் வந்தன. இரண்டும் காலனியக் காலத்தவை. 2009இன் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமும் வந்தது. ஆனால் 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரையே பாருங்கோ: தொழிற்சாலைகள். தேயிலை அரைக்கிற ஆலை அதற்குள் வரும். கொழுந்து பறிக்கிற மலை வராது.

மலையகத்தில் குளவிக் கொட்டுக்கு ஆளாகித் தோட்டத் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் சேர்க்கப்படுகிற செய்தி, சில வேளை உயிரிழந்த செய்தி, எங்கட பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. பத்திரிகை அதை மழை, வெள்ளம் மாதிரி எழுதும். மழையை நிறுத்த முடியாது. ஆனால் வேலைக்கு முன் மரங்களைப் பார்த்துக் கூட்டை அகற்றலாம், அந்த மலையில் அன்றைக்கு வேலையை நிறுத்தலாம், தோட்டத்தில் மருந்தும் வாகனமும் தயாராக வைக்கலாம். பாதுகாப்புப் பாடத்தில் கட்டுப்பாட்டு வரிசை என்று ஒன்று படிப்பிப்பார்கள்: முதலில் ஆபத்தை இல்லாமல் செய், முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ளதாக மாற்று, பிறகு இயந்திரத்தாலோ தடுப்பாலோ மறி, பிறகு வேலை முறையை மாற்று. தொப்பியும் கையுறையும் கடைசி. நடைமுறையில் எங்கட ஊரில் கடைசிதான் முதல். தொப்பி கொடுத்தாச்சு, போடாதது அவன்ட பிழை.

வளைகுடாவுக்குப் போகிற சேஃப்டி ஒஃபிசருக்கும் இதே சோதனைதான். கட்டாரில் 2021 முதல், யூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியில் இருந்து பின்னேரம் 3.30 வரை திறந்த வெயிலில் வேலை செய்யக்கூடாது. வெப்பம், ஈரப்பதன், வெயில் எல்லாம் சேர்த்து அளக்கிற வெப்பச்சுட்டி 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமென்றாலும் வேலை நிறுத்தவேண்டும். சட்டம் நல்லது. ஆனால் அந்த மானியைக் கையில் வைத்திருக்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பது, கட்டடத்தைக் கெதியாக முடிக்க நிற்கிற கொம்பனி. 32.1 தாண்டிவிட்டது என்று அவர் சொன்னால் அவருடைய வேலை என்ன ஆகும்? இதைத் தனி ஒருவரின் துணிவில் விடமுடியாது. தொழிற்சங்கமும், கொம்பனிக்குக் கடமைப்படாத பரிசோதகரும், ஆபத்தென்றால் வேலையை நிறுத்தத் தொழிலாளிக்கு உரிமையும் பின்னால் இருந்தால்தான் அந்த மானிக்குப் பெறுமதி. 2022 யூனில் சர்வதேச தொழிலாளர் மாநாடு பாதுகாப்பான வேலைச்சூழலை அடிப்படைத் தொழில் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. உரிமை என்றால் அது முதலாளி போடுகிற பிச்சை இல்லை.

ஆகவே இந்தப் படிப்புக்குப் போகிற நண்பர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். முக்கோணத்தைப் படியுங்கோ, பரீட்சைக்குத் தேவை. அதோடு ஈஸ்ட்மனின் 526ஐயும் ஹமில்டனின் குளியல்தொட்டியையும் படியுங்கோ. முதுமாணி ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் வெகுதூரம் போகத் தேவையில்லை. மலையகத்தில் ஒரு பிரதேசம், ஒரு வருசம். குளவி கொட்டினவர்களும் விழுந்தவர்களும் எத்தனை பேர், அந்த மலையில் கூடு இருந்தது யாருக்குத் தெரியும், அவர்களை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது யார், எவ்வளவு நேரத்தில், நட்டஈடு என்று ஏதாவது கிடைத்ததா. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினால், அது எங்கட 526 ஆக இருக்கும்.