செனான் முகப்பு விளக்கு: வரலாறும் மாற்று விளக்குத் தேர்வும்

செனான் முகப்பு விளக்கு என்பது, மின்னிழைக்குப் பதிலாக வளிமத்தின் ஊடே பாயும் மின்வில்லைக் கொண்டு ஒளி தரும் கார் விளக்கு ஆகும். 1991 ஆம் ஆண்டில் செருமனியின் பி.எம்.டபிள்யூ 7 வரிசைக் கார்களில் இது முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. இன்று புதிய கார்களில் எல்.ஈ.டி. விளக்குகள் இதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டன. எனினும் செனான் விளக்குடன் வெளிவந்த கார்கள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. அவற்றின் விளக்குகள் மங்கும்போது எதை வாங்கிப் பொருத்துவது என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடை பெரும்பாலும் இவ்விளக்கின் வரலாற்றிலேயே இருக்கிறது.

வெளிச்சமும் கூச்சமும்

தொடக்க காலக் கார்களில் எண்ணெய் விளக்குகளும் அசெட்டிலின் விளக்குகளும் இருந்தன. கார்பைடு கல்லின் மீது நீரைச் சொட்டவிட்டு, வெளிவரும் வளிமத்தை எரித்து அசெட்டிலின் விளக்கை ஏற்றினர். மாம்பழத்தைச் செயற்கையாகப் பழுக்கவைக்கக் கூடாது என்று நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ள அதே கார்பைடு கல்தான் இது. 1912 இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் மின் தொடக்கியும் மின் விளக்கும் ஒருசேர வந்தன. 1913 இல் செருமனியின் பாஷ் நிறுவனம் விளக்கு, மின்னாக்கி, சீராக்கி ஆகியவற்றை ஒரே தொகுப்பாக விற்கத் தொடங்கியது.

வெளிச்சம் கூடியதும் புதிய சிக்கல் ஒன்று பிறந்தது. ஒருவருக்குப் பாதை தெளிவாகத் தெரிந்தால், எதிரே வருபவருக்குக் கண் கூசியது. 1925 இல் ஓசுராம் நிறுவனம் வெளியிட்ட 'பைலக்ஸ்' விளக்கு இதற்கு ஒரு தீர்வு தந்தது. ஒரே குமிழுக்குள் இரண்டு மின்னிழைகள் இருந்தன. ஒன்று தொலைவுக்கு, மற்றொன்று, கீழே சிறு உலோகத் தடுப்புடன், அருகிலுள்ள சாலைக்கு. ஓட்டுநர்கள் இன்று 'பிரைட்', 'டிம்' என்று மாற்றிப் போடும் பழக்கம் இவ்வகை விளக்குகளால் பரவியதே.

1959 இல் அமெரிக்காவில் ஆலசன் விளக்குக்குக் காப்புரிமை பெறப்பட்டது. மின்னிழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன், குமிழில் உள்ள ஆலசனுடன் சேர்ந்து மீண்டும் இழைக்கே திரும்புவதால் கண்ணாடி கறுப்பதில்லை. 1962 இல் ஐரோப்பாவில் எச்1 என்னும் ஆலசன் விளக்கு கார்களுக்கு வந்தது. இரண்டு இழைகள் கொண்ட எச்4 1971 இல் வந்தது. ஆயினும் இவை எல்லாவற்றிலும் இழையைச் சூடாக்கித்தான் ஒளி பெறவேண்டியிருந்தது. செலவாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே போயிற்று.

அந்நியன் என்ற பெயருடைய வளிமம்

1898 இல் இலண்டனில் வில்லியம் ராம்சே, மோரிஸ் டிராவர்சு ஆகிய இருவரும் திரவக் காற்றைப் பிரித்து ஆராய்ந்தபோது செனானைக் கண்டறிந்தனர். கிரேக்க மொழியில் 'அந்நியன்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டனர். காற்றில் ஏறத்தாழ ஒரு கோடியே பதினைந்து இலட்சம் பங்கில் ஒரு பங்கு அளவே செனான் உள்ளது. 1950களில் திரையரங்குகளில் கார்பன் குச்சிகளை எரித்துப் படம் காட்டும் முறைக்கு மாற்றாகச் செனான் விளக்குகள் வரத்தொடங்கின.

கார் விளக்கில் செனானின் பணி சற்று வேறானது. குவார்ட்சுக் குமிழுக்குள் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு டங்ஸ்டன் மின்முனைகள் இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து செனானும், சோடியம், ஸ்காண்டியம் முதலிய உலோகங்களின் அயோடைடு உப்புகளும் உள்ளன. விளக்கு நிலைபெற்ற பின் ஒளியின் பெரும்பகுதியைத் தருபவை இந்த உலோக உப்புகளே. ஆனால் அவை சூடாகி ஆவியாகச் சற்று நேரம் பிடிக்கும். தெருவில் உள்ள உலோக ஆலைடு விளக்குகள் முழு ஒளிக்கு வரச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதைப் பலரும் பார்த்திருப்பர். இருட்டில் ஓடும் கார் அப்படிக் காத்திருக்க முடியாது. மின்சாரம் பாய்ந்த உடனேயே ஒளிர்ந்து அந்த இடைவெளியை நிரப்புவதுதான் செனானின் வேலை. ஐரோப்பிய விதிப்படி, இவ்விளக்கு ஒரு நொடியில் தன் ஒளியில் கால் பங்கையும் 4 நொடிகளில் 80 விழுக்காட்டையும் எட்டியாக வேண்டும்.

மின்வில்லை உண்டாக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் தேவை. அதன்பின் குறைந்த அழுத்தத்தில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். குழல்விளக்கிற்கு ஸ்டார்ட்டரும் சோக்கும் செய்யும் வேலையை இங்கே பற்றவைப்பானும் பேலஸ்ட் எனப்படும் மின்னணுப் பெட்டியும் செய்கின்றன. 12 வோல்ட் மின்கலத்திலிருந்து இதைச் சாதிக்கும் சிறிய கருவி உருவான பிறகே இவ்விளக்கு காருக்குள் நுழைய முடிந்தது.

பயன் பெரிதாக இருந்தது. 55 வாட்டு எச்7 ஆலசன் விளக்கு 1500 லூமென் ஒளி தரும். 35 வாட்டு டி2எஸ் செனான் விளக்கு 3200 லூமென் தரும். ஒளி இரு மடங்கானதால் பழைய கூச்சச் சிக்கலும் திரும்பி வந்தது. எனவே 2000 லூமெனுக்கு மேற்பட்ட விளக்குகளுக்கு, காரின் சுமைக்கேற்பக் கதிரைத் தானே தாழ்த்தும் அமைப்பும் விளக்கின் முகப்பைக் கழுவும் நீர்த்தாரையும் ஐரோப்பிய விதிகளில் கட்டாயமாயின. அழுக்குப் படிந்த முகப்பு ஒளியைச் சிதறடித்து எதிரே வருபவர் கண்ணில் வீசும் என்பதே இதற்குக் காரணம்.

1999 இல் மெர்சிடிஸ்-பென்ஸ் சி.எல். காரில் ஒரே செனான் விளக்கால் 'பிரைட்', 'டிம்' இரண்டையும் தரும் 'பை-செனான்' முறை வந்தது. பிறகு பாதரசத்தின் நச்சுத்தன்மை கருதி, அதற்கு மாற்றாகத் துத்தநாக அயோடைடு சேர்த்த விளக்குகள் உருவாயின. 2012 சூலை 1 முதல் புதிதாக ஒப்புதல் பெறும் கார் வகைகளில் பாதரசமுள்ள விளக்குகளை ஐரோப்பிய ஒன்றியம் விலக்கியது. 2007 இல் லெக்சஸ் எல்.எஸ். 600எச் காரின் தாழ்கதிர் எல்.ஈ.டி.க்கு மாறியது. அதன்பின் செனானின் காலம் படிப்படியாகச் சுருங்கியது.

குறியீடுகளின் பொருள்

விளக்கின் அடிப்பகுதியில் உள்ள குறியீட்டில் மேற்கண்ட வரலாறு சுருக்கமாக அடங்கியுள்ளது.

* டி1, டி2: பாதரசம் உள்ளவை, 85 வோல்ட்டில் எரிபவை.
* டி3, டி4: பாதரசம் இல்லாதவை, 42 வோல்ட்டில் எரிபவை.
* டி1, டி3: பற்றவைப்பான் விளக்குடனேயே இணைந்திருக்கும்.
* டி2, டி4: பற்றவைப்பான் தனியாக இருக்கும்.
* எஸ்: புரொஜெக்டர் வில்லை உள்ள விளக்குக் கூட்டுக்கு உரியது.
* ஆர்: கிண்ண வடிவ எதிரொளிப்பானுக்கு உரியது, கண்ணாடியில் ஒளி மறைப்புப் பூச்சு இருக்கும்.

இவ்வகைகள் நான்கும் 35 வாட்டு கொண்டவை. ஆனால் வாட்டு ஒன்றாக இருப்பதால் ஒன்றிற்கு மற்றொன்றைப் போடலாம் என எண்ணுவது தவறு. டி1எஸ் உள்ள இடத்தில் டி3எஸ் பொருந்தாது. பேலஸ்ட் தரும் மின்னழுத்தமே வேறு. ஆர் வகைக்கு உரிய கூட்டில் எஸ் வகையைப் போட்டால், மறைப்பு இல்லாத ஒளி மேல்நோக்கிச் சிதறும்.

மாற்று விளக்கைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் பழுது விளக்கில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு பக்க விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தால், இடப்பக்க விளக்கையும் வலப்பக்க விளக்கையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். பழுது விளக்கோடு இடம் மாறினால் விளக்கே காரணம். அதே பக்கத்தில் நின்றால் பேலஸ்ட்டையோ இணைப்பையோ சோதிக்க வேண்டும். இரண்டு பக்கமும் மங்கலாக இருந்தால் மஞ்சளேறிய முகப்பு மூடியும் காரணமாக இருக்கலாம். அதை மெருகேற்றாமல் புது விளக்கு வாங்குவது வீண் செலவு.

விளக்கே தேய்ந்திருந்தால் அதன் ஒளி இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறத் தொடங்கும். அப்போது பழைய விளக்கில் உள்ள அதே குறியீட்டைப் பார்த்து, இணையாக இரண்டையும் மாற்றுவது நல்லது. ஒன்றை மட்டும் மாற்றினால் நிறமும் ஒளியும் இருபக்கமும் ஒத்திராது.

நிற வெப்பநிலையில்தான் பலர் ஏமாறுகின்றனர். தொழிற்சாலையில் பொருத்தப்படும் விளக்குகள் ஏறத்தாழ 4300 கெல்வின் அளவில் இருக்கும். 6000, 8000 என்ற எண்கள் அதிக வெளிச்சத்தைக் குறிப்பன அல்ல. நீலச் சாயலையே குறிக்கின்றன. நீலம் மிகும்போது பயன்படும் ஒளி பொதுவாகக் குறைகிறது. எதிரே வருபவரின் கண்கூச்சமோ கூடுகிறது. ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற விளக்கில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும், ஒப்புதல் தந்த நாட்டின் எண்ணும் இருக்கும். போலிகளும் உலவுவதால் நம்பகமான கடையில் வாங்குவதே பாதுகாப்பு.

ஆலசன் விளக்குக்கென அமைந்த கூட்டில் செனான் தொகுப்பைப் பொருத்துவது இவை எல்லாவற்றினும் பெரிய தவறு. அந்தக் கூடு, இழை இருக்கும் இடத்தையும் அதன் வடிவத்தையும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. மின்வில் அதே இடத்தில் அதே வடிவில் அமைவதில்லை. ஒளி தாறுமாறாகச் சிதறும். கதிரைத் தாழ்த்தும் அமைப்பும் கழுவும் நீர்த்தாரையும் அங்கே இருப்பதில்லை. 1925 முதல் படிப்படியாகத் தீர்த்த சிக்கலை ஒரே நாளில் மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவதாகவே அது முடியும்.

மாற்றும்போது விளக்கை அணைத்து, மின்கல இணைப்பைக் கழற்றி, குமிழ் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். உயர் மின்னழுத்தம் உயிருக்கே ஆபத்தானது. பழக்கமில்லாதோர் பணிமனையை நாடுவதே முறை. குமிழின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக்கூடாது. தோலின் எண்ணெய்ப் பசை சூட்டில் கண்ணாடியைக் கெடுத்துவிடும். பாதரசம் உள்ள டி1, டி2 விளக்குகளை வீட்டுக் குப்பையில் போடாமல் தனியே ஒப்படைக்க வேண்டும். வேலை முடிந்ததும், சமதளத்தில் ஒரு சுவரின் எதிரே காரை நிறுத்தி ஒளியின் மேல் விளிம்பு இருபுறமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விளிம்பு ஏறியிருந்தால் எதிரே வருபவருக்குச் சாலை தெரியாது. அவர் தடுமாறி நம் பக்கம் வந்தால் நமக்கும் ஆபத்துதான்.