ஹாலிஹாக் செடியும் துரு நோயும்

ஹாலிஹாக் என்பது குளிர்நாட்டுத் தோட்டங்களில் வளரும் ஒரு பூச்செடி. செம்பருத்தி, வெண்டை, பருத்தி, துத்தி ஆகியவை அடங்கிய மால்வேசி குடும்பத்தைச் சேர்ந்தது. ஆள் உயரத்தையும் தாண்டும் இதன் தண்டில் பூக்கள் கீழிருந்து மேலாக வரிசையாக மலரும். பூத்த தண்டு காய்ந்தாலும், பனிக்காலத்தைத் தாங்கி அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும் பல்லாண்டுச் செடி இது. ஆனால் இன்று பெரும்பாலோர் இதனை ஈராண்டுச் செடியாகவே வளர்க்கின்றனர். இம்மாற்றத்திற்குக் காரணம் ஒரு பூஞ்சை.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள சாஃப்ரன் வால்டன் என்னும் ஊரில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த வில்லியம் சேட்டர், அடுக்கு ஹாலிஹாக் வகைகளால் புகழ்பெற்றார். அக்காலத்தில் சிறந்த வகைகளுக்குத் தனிப்பெயர் சூட்டுவர். விதையிலிருந்து வளரும் செடி தாய்ச்செடியைப் போலவே பூக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே பெயர் பெற்ற வகைகளைத் தண்டுத் துண்டு, ஒட்டு ஆகிய முறைகளில் பெருக்கினர்.

1873இல் இங்கிலாந்தில் துரு நோய் தோன்றியது. இதற்குக் காரணமான பக்சீனியா மால்வேசியாரம் என்னும் பூஞ்சை, சிலி நாட்டில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு 1852இல் விவரிக்கப்பட்டது. 1869இல் ஸ்பெயினில் காணப்பட்டது. நோயுற்ற இலையின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளிகளும், அடிப்புறத்தில் பழுப்புநிறக் கொப்புளங்களும் தோன்றும். அடியிலைகள் முதலில் காயும். பின்னர் நோய் மேலேறும். சேட்டரின் பண்ணை பெரும் சேதமடைந்தது. பெயர் பெற்ற வகைகள் பல அழிந்தன.

நோய் ஏன் இவ்வளவு எளிதில் நிலைபெற்றது? கோதுமைத் துரு நோய்ப் பூஞ்சையின் முழு வாழ்க்கைச் சுழற்சிக்கு பார்பெரி என்ற இரண்டாவது செடியும் தேவை என்று 1865இல் அன்டன் டி பாரி நிறுவினார். ஹாலிஹாக் துருவுக்கு அத்தகைய வேறொரு செடி தேவையில்லை. ஹாலிஹாக்கும் அதன் உறவுச் செடிகளுமே போதும். பனிக்காலத்தில் அடித்தளிர்களில் தங்கி, வசந்தத்தில் மீண்டும் பரவும். செடியைப் பல ஆண்டுகள் காத்து வந்ததும், துண்டுகளால் பெருக்கியதும் நோயையும் சேர்த்துக் காப்பதாகவே முடிந்தன.

ஆகவே தோட்டக்காரர்கள் வளர்க்கும் முறையையே மாற்றினர். தூய விதையை விதைத்து, அடுத்த ஆண்டு பூத்தபின் செடியை வேரோடு அகற்றினர். நோயுற்ற இலைகளையும் பழைய தண்டுகளையும் எரித்தல், சுற்றிலும் முளைக்கும் மால்வா களைகளை நீக்குதல், காற்றோட்டத்திற்கு இடைவெளி விடுதல், இலை நனையாமல் அடியில் நீர் ஊற்றுதல் ஆகியவை இன்றும் பரிந்துரைக்கப்படுகின்றன. பூஞ்சைக்கொல்லி புதிய இலைகளைக் காக்க உதவும். கொப்புளம் வந்த இலையை மீட்காது.

'சேட்டர்ஸ் டபிள்' என்னும் பெயரில் அடுக்கு ஹாலிஹாக் விதைகள் இன்றும் விற்கப்படுகின்றன. துண்டுகளை மட்டுமே நம்பியிருந்த வகைகள் பல மறைந்தன. விதை வழியாக வந்த செடி நிலைத்தது. நோயை முற்றிலும் ஒழிக்க முடியாதபோது, அது தங்கும் இடத்தை அறிந்து வளர்ப்பு முறையை மாற்றுவதும் ஒரு தீர்வே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.