உறையின் பின்புறம்

தை மாதத்து வாடிவாசலால் தேசமெங்கும் பிரசித்தி பெற்றுவிட்ட அலங்காநல்லூரை முன்னிட்டு எழுதப் புகுந்தவன், மாட்டை விட்டுத் தபாலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றக்கூடும். மாடு பிடிப்பது ஒரு நாள் விஷயம். தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதோ வருஷம் முழுவதும் நடந்த காரியம். மதுரைச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களின் கடிதம், தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் கரையிறங்கி, 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தை ரயிலில் கடந்து, மதுரையில் பை மாறி, அங்கிருந்து பத்து மைல் அளவு சாலை வழியே வந்து இத்தகைய ஊர் ஒன்றை அடைவதற்குள் எத்தனை கைகள் அதைத் தொட்டிருக்கும்! அத்தனை கைகளில் தவறிய கை எது என்று அக்காலத்தார் கண்டுபிடித்த விதம் ரசமானது.

1854 அக்டோபர் 1 முதல், கால் தோலா எடையுள்ள கடிதம் இந்தியாவுக்குள் எவ்வளவு தூரம் சென்றாலும் அரையணா என்று ஏற்பட்டது. அரையணாத் தபால்தலை உறையின் முகத்தில் ஒட்டப்பட்டது. ஆனால் கடிதத்தின் சரித்திரம் எழுதப்பட்டதோ அதன் முதுகில். சேர்ந்த ஆபீஸின் பெயரும் தேதியும் அங்கே வட்ட முத்திரையாக விழுந்தன. இடைவழி ஆபீஸ்களும், ஓடும் ரயிலிலேயே இரவெல்லாம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்த ஆர்.எம்.எஸ். என்னும் ரயில்வே தபால் வண்டிகளும் பல உறைகளில் தத்தம் முத்திரையைப் பதித்தன. கடிதம் தாமதமானால் இரண்டு முத்திரைகளின் தேதிகளை ஒப்பிட்டாலே போதும். எந்த இடைவெளியில் அது தூங்கிற்று என்பது விளங்கிவிடும்.

பதிவுத் தபாலில் இந்த ஏற்பாடு இன்னும் கண்டிப்பாக இருந்தது. புறப்பட்ட இடத்தில் கிடைத்த எண் கடைசிவரை மாறவில்லை. ஒவ்வொரு ஆபீஸும் அந்த எண்ணைத் தன் பட்டியலில் எழுதிக்கொண்டே அடுத்தவரிடம் ஒப்படைத்தது. 1880-இல் தபால் இலாகா ஏற்றுக்கொண்ட மணியார்டரும் எண்ணைச் சார்ந்ததே. சொல்லப்போனால், மணியார்டரில் ரூபாய் நாணயம் பிரயாணம் செய்யவேயில்லை. இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்ற வேண்டுகோள் ஒன்றுதான் ஊர் ஊராகப் போயிற்று. அது வந்து சேரவில்லை என்று புகார் எழுந்தால், விசாரிக்கும் உத்தியோகஸ்தர் எவருடைய யோக்கியதையையும் ஆராய வேண்டியிருக்கவில்லை. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஏடுகளைப் புரட்டிப் போனால், ஓர் ஆபீஸ் அனுப்பினேன் என்றது, அடுத்தது வரவில்லை என்றது. குற்றம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

இதே யுக்தியைத்தான் கம்ப்யூட்டர் உலகமும் பின்னாளில் கைக்கொண்டது. நாம் ஒரு சொல்லைத் தேடும்படி அனுப்பும் வேண்டுகோள், கண் மூடித் திறப்பதற்குள் நூற்றுக்கணக்கான இயந்திரங்களிடம் கைமாறுகிறது. அவற்றுள் தாமதித்தது எது என்று காண, கூகுள் நிறுவனத்தார் 2010-இல் வெளியிட்டு விவரித்த டாப்பர் என்னும் ஏற்பாட்டில், வேண்டுகோளுக்கு ஓர் எண் இடப்படுகிறது. அதைத் தொடும் ஒவ்வொரு இயந்திரமும் வாங்கிய நேரத்தையும் விடுத்த நேரத்தையும் அந்த எண்ணின் கீழ் குறித்து வைக்கிறது. எல்லாவற்றையும் குறித்தால் பாரம் தாங்காதென்று, தொடக்கத்தில் சராசரியாக 1024-இல் ஒன்றைத்தான் பின்தொடர்ந்தார்களாம். தபாலிலும் தனிக் கட்டணம் செலுத்திய கடிதத்துக்குத்தானே ஏடு! காலணாக் கார்டு தொலைந்தால் தொலைந்ததுதான்.

இரு துறைகளுக்கும் பொதுவான சங்கடம் கடிகாரம். 1906-இல் இந்திய நேரம் நிர்ணயிக்கப்படும் வரையில், ரயில்கள் சென்னை நேரத்தில் ஓட, பம்பாயின் உள்ளூர் நேரம் அதற்கு அரை மணி பிந்தியும், கல்கத்தாவின் நேரம் அரை மணிக்குச் சற்று மேலாக முந்தியும் நடந்தன. மணிக்கணக்கை மட்டும் நம்பி ஊருக்கு ஊர் ஒப்பிடுகிறவன் ஏமாறவே செய்வான். இயந்திரங்களின் கடிகாரங்களும் அணுவளவேனும் முரண்படுகின்றன. அதற்கு டாப்பரை அமைத்தவர்கள் கொண்ட பிரமாணம், அனுப்புவதற்கு முன்னால் எவரும் பெற முடியாது என்பதே. கடிகாரம் கட்டியறியாத கிராமத்துத் தபால் ஓட்டக்காரரிடம் சொல்லியிருந்தால், இதையும் ஒரு கண்டுபிடிப்பு என்கிறீர்களா என்று கேட்டிருப்பார்.