பட்டியலில் இல்லாத மாணவர்

1943இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின்னரே ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகில் அறியப்பட்டது. இந்தியச் சட்டத்தில் அது இடம்பெற மேலும் அரை நூற்றாண்டு கடக்க வேண்டியிருந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களில் 3 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. அப்பட்டியலில் ஆட்டிசம் இல்லை. கல்லூரி வாயில் வரை வந்த ஆட்டிச மாணவர் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. தன்னிச்சையான வாழ்வைப் பற்றி அது பேசினாலும், சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிப்பதே அதன் முதன்மையான ஏற்பாடு. பட்டம் பெற்றுப் பணிக்குச் செல்லும் ஒருவரை அது கற்பனை செய்யவில்லை.

அக்கற்பனைக்கு இடமளித்தது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 21 வகைகளுள் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்த அச்சட்டம், 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்புடையோர்க்கு உயர்கல்வியில் 5 விழுக்காடு ஒதுக்கீட்டை உறுதிசெய்தது. தேர்வில் கூடுதல் நேரம், எழுதுநர் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றையும் குறிப்பிட்டது.

இவ்விலக்கின் பொருளை பிச்சாட்டூர் போன்ற எல்லை ஊரில் வைத்துப் பார்க்க வேண்டும். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆரணியாற்று நீர்த்தேக்கம் அமைந்த பிச்சாட்டூர் ஆந்திரத்தில் தங்கியது. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். மொழிப்பாட விலக்கு அப்பிள்ளையின் சுமையைக் குறைக்கலாம். ஆனால் விலக்கப்படும் மொழி தாய்மொழியாகவும் இருந்துவிடலாம். சென்னைக்குப் படிக்கச் சென்றால் ஆந்திரச் சான்றிதழ் செல்லுமா என்ற அச்சத்திற்கு மட்டும் சட்டம் தெளிவாக விடை தருகிறது: அது நாடெங்கும் செல்லும்.

வேலைவாய்ப்பில் நிலைமை இறுக்கமானது. அரசுப் பணிகளுக்கான 4 விழுக்காட்டில் ஒரு விழுக்காட்டையே ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியன பகிர்ந்துகொள்கின்றன. அதற்கு அப்பால் நேர்காணல் நிற்கிறது. கண்ணைப் பார்த்துப் பேசுவதும் கேட்டவுடன் விடையிறுப்பதும் பணித்திறனாகவே அங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வினாக்களை முன்கூட்டியே எழுத்தில் தருவதற்கும், செய்முறையால் திறனறிவதற்கும் பெருஞ்செலவு ஆகாது. 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தக்க வசதி செய்து தருதல் சலுகையன்று, சமத்துவத்தின் கூறு என்று நிறுவியது. பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. வகுப்பறையும் நேர்காணல் அறையும் இனித்தான் மாற வேண்டும்.