பூஜப்புரை அரண்மனையும் காந்தத் துகளும்

திருவனந்தபுரம் பூஜப்புரையில், ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமிபாய் வாழ்ந்த சேட்டல்மண்ட் அரண்மனை வளாகத்தில்தான் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது.

2020இல் கொரோனாப் பரிசோதனை தடுமாறியதற்கு ஒரு காரணம், சளி மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் கிட்டுகளுக்கு இறக்குமதியை நம்பியிருந்தமை. இப்படிநிலை பிழைத்தால், பின்வரும் பிசிஆர் நோயுற்றவரையும் நோயற்றவர் என்று காட்டிவிடும்.

அனூப் தெக்குவீட்டில் தலைமையில் அங்கு உருவான ‘சித்ரா மேக்னா’வைக் கொச்சியின் அகாப்பே நிறுவனம் அவ்வாண்டு மே மாதம் வெளியிட்டது. காந்த நுண்துகள்கள் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும், காந்தத்தை அருகே வைத்தால் குழாய்ச்சுவரில் ஒதுங்கும், கசடு நீரை நீக்கிக் கழுவி, பற்றியதை விடுவிக்கலாம். வழியில் சிதைந்த ஆர்.என்.ஏ.த் துண்டுகளும் அதில் அகப்படும். (வடமொழி ‘அயஸ்காந்தம்’ என்பதற்கு இரும்பின் காதலன் என்று பொருள், பெயரிட்டவர் இதைக் கண்டால் மகிழ்ந்திருப்பார்.) புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் அதைச் சோதித்து ஏற்றது.