கல்லில் நின்ற பெயர்கள்



சுண்ணாம்புக்குளத்தில் கூடியிருக்கும் நமக்குப் பழவேற்காடு பக்கத்து ஊர். அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்திருப்பீர்கள். பெயரும் இறந்த நாளும் செதுக்கிய அந்தக் கற்களைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அதே துறைமுகத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. யாருடைய சாவு எழுதப்பட வேண்டும் என்பதை அதிகாரமே தீர்மானித்தது.

இதற்கு மாறான ஒரு கல், புனே அருகே பீமா ஆற்றங்கரையில் கோரேகாவில் நிற்கிறது.

1818 ஜனவரி 1 அன்று, கேப்டன் ஸ்டாண்டன் தலைமையில் சுமார் 800 பேர் கொண்ட கம்பெனிப் படை, பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையை அங்கே எதிர்கொண்டது. தண்ணீர்கூடக் கிடைக்காமல் பகல் முழுதும் சண்டை நடந்தது. இரவில் பேஷ்வாவின் படை விலகியது. பிறகு கம்பெனி எழுப்பிய தூணில், இறந்த 49 பேரின் பெயர்கள் உள்ளன. அவற்றில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அவை மகர்களின் பெயர்கள்.

பேஷ்வாக்களின் தலைநகரில் தீண்டப்படாதவர் தம் காலடித்தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும், எச்சில் துப்பக் கழுத்தில் மண்கலயமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். காலடித்தடம்கூட மிஞ்சக் கூடாதென்று விதிக்கப்பட்டவர்களின் பெயர் கல்லில் நின்றது.

'கம்பெனிக்காகச் செத்தவர்களைக் கொண்டாடலாமா?' என்று நம்மைக் கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்தப் படையில் பல சமூகத்தவரும் இருந்தார்கள். அது சாதி ஒழிப்புக்காக நடந்த போரும் அல்ல. கம்பெனி தன் வெற்றிக்காகத்தான் தூண் எழுப்பியது. அதே வெள்ளை அரசு 1890களில், 'போர்க்குணமுள்ள இனம்' என்ற பட்டியலில் சேராதவர்கள் என்று சொல்லி மகர்களுக்குப் படையின் கதவை மூடியது. கல்லில் எழுதிய பெயர் சோற்றுக்கும் உதவவில்லை, மரியாதைக்கும் உதவவில்லை.

ஆனால் 1927 ஜனவரி 1 அன்று, படைவீரரின் மகனான அம்பேத்கர் அந்தத் தூணின் முன் வந்து நின்றார். எசமானின் வெற்றிச் சின்னம் அன்றுமுதல் நமது சான்றாவணம் ஆனது. 1941இல் மகர் படைப்பிரிவு உருவானபோது அதன் சின்னத்திலும் அந்தத் தூண் இடம்பெற்றது.

அதே படைப்பிரிவின் 8ஆவது பட்டாலியனில்தான் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இருந்தார். மகர் அல்லாத தமிழர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் போராடி இறந்தார். இறப்புக்குப் பின் பரம்வீர் சக்ரா பெற்றார். ஈழத் தமிழர்கள் அந்தப் படையால் பட்ட துயரத்தை அந்தப் பதக்கம் மறைத்துவிடாது. வீரம் ஒன்று, போரின் நியாயம் வேறு. கோரேகாவுக்கும் இதே அளவுகோல்தான்.

பழைய சென்னை மாகாணப் படையிலும், குறிப்பாகச் சாப்பர்ஸ் பிரிவில், பறையர்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்களில் எத்தனை பெயர் நமக்குத் தெரியும்? மாணவர்களே, உங்கள் சேரிகளில் பட்டாளத்துக்குப் போனவர்களின் வீடுகளுக்குச் செல்லுங்கள். டிரங்குப் பெட்டியில் பென்ஷன் தாளோ, பித்தளைப் பதக்கமோ, சீருடைப் படமோ இருக்கலாம். பாட்டிமார் சொல்வதைக் கேட்டுப் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் குறித்து வாருங்கள். தூண் எழுப்ப நம்மிடம் பணமில்லை. நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

ஜெய் பீம்!