அரிவாளணுச் சோகை (நீலகிரி)

டி.என்.ஏ.வில் ஓரெழுத்து மாறியதால் இரத்தச் சிவப்பணுக்கள் வளைந்துபோகும் பரம்பரை நோய். ஆஸ்பத்திரிப் பேச்சில் ‘சிக்கிள் செல்’. கொங்கு நாட்டின் மேற்கு விளிம்பில், 1868இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த நீலகிரியில், இருளர், பணியர், குறும்பர் முதலிய பழங்குடிகளின் இரத்தத்தைச் சோதித்து, இந்த மரபுக்கூறு அவர்களிடம் இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952இல் வெளியிட்டனர். இந்தியாவில் இது அறியப்பட்டதே அந்த ஆண்டில்தான். ஆனைகட்டிக்கு அப்பால் அட்டப்பாடி இருளரிடமும் இது உண்டு.

வளைந்த அணுக்களைச் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இலேயே விவரித்திருந்தார். கோளாறு ஹீமோகுளோபின் புரதத்தில் இருப்பதை லைனஸ் பாலிங் குழு 1949இல் காட்டியது. புரதத்தில் பிசகியது எது என்பதைக் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் 1957இல் கண்டார். பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் ஆறாவது மட்டும் வேறு: குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின். டி.என்.ஏ.வில் அடினின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் தைமின் வந்ததன் விளைவு அது. குளூட்டாமிக் அமிலம் நீரோடு சேரும். வேலின் நீரை விலக்கும். அதனால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. அணு கதிரரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. 120 நாள் வாழவேண்டிய அணு 10, 20 நாளில் சிதைகிறது. நுண்குழாய்கள் அடைபடும்போது எலும்புகளில் எழும் வலி கொடியது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்கே நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாக இருப்பார்; மலேரியா அவரைக் கடுமையாகத் தாக்காது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தோனி ஆலிசன் 1954இல் நிறுவியது இது. மலேரியா மண்டிய மலையடிவாரங்களில் இந்த மாற்றம் தலைமுறைகளாக நிலைத்ததற்கும் இதுவே காரணம்.

நீலகிரிப் பழங்குடிகளிடம் காணும் அரபு-இந்திய வகையில், கருவிலிருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின் பிறந்த பின்னும் கூடுதலாக நீடிக்கிறது. அது இழை கோப்பதைத் தடுப்பதால் பலருக்கு நோய் சற்றுத் தணிந்திருக்கும். அதை வைத்து அவர்களுடைய வலியைக் குறைத்து மதிப்பிடுவது தவறு.

இரத்தம் எடுத்துப்போன அறிவியல் மருந்தோடு திரும்ப நெடுங்காலம் ஆயிற்று. கூடலூரில் அஸ்வினி அமைப்பு பழங்குடியினருக்கான மருத்துவப் பணியைத் தொடங்கியது 1990இல். தேசிய ஒழிப்புத் திட்டம் வந்தது 2023 ஜூலை 1 அன்று. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை, பிசகிய எழுத்தைத் தொடுவதில்லை. கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி உருவாகவைக்கிறது. எளிதில் கிடைக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்தும் கூட்டுவது அதே ஹீமோகுளோபினைத்தான்.